திருமணமும் அரசும்: ஐக்கிய அமெரிக்காவில் ஒருபாலார் திருமணம் பற்றிய அரசியலமைப்பு விவாதம்

1787ஆம் ஆண்டு வரையப்பட்ட ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பில் 'திருமணம்' என்னும் சொல் ஓரிடத்திலேனும் இடம்பெறவில்லை. பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தங்களிலும் அச்சொல்லைக் காணமுடியாது. எனினும், 1970ஆம் ஆண்டு தொடக்கம் 2015ஆம் ஆண்டு வரையுள்ள நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்நாட்டின் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் மக்கள் வாக்கெடுப்புகளிலும் மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்ட அரசியலமைப்பு விடயங்களுள் திருமணமும் ஒன்றாக விளங்கிற்று. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்வதற்கு அரசு அனுமதிப்பத்திரம் வழங்க மறுக்கலாமா என்பதே அவ்விவாதத்தின் வெளித்தோற்றம். அதன் உள்ளே அடங்கியிருந்த வினா இன்னும் பழமையானது: திருமணம் என்பது அரசு ஆக்கித்தரும் ஒன்றா? அல்லது அரசுக்கு முன்னரே இருந்து, அரசினால் ஏற்றுக்கொள்ளப்படும் ஒன்றா?

இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே ஏனைய விடைகளும் அமைகின்றன. அரசு ஆக்குவதாயின் அதனைப் பங்கிடும்போது குடிகளிடையே வேறுபாடு காட்டலாகாது. அரசுக்கு முற்பட்டதாயின் அதன் இயல்பை மாற்ற அரசுக்கு உரிமை ஏது என்னும் கேள்வி எழும். விவாதத்தின் இரு பக்கத்தாரும் இவ்விரு கருத்துகளையும் தத்தம் தேவைக்கேற்ப மாறிமாறிப் பயன்படுத்தினர் என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க பண்பாகும். அவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கி, அதில் வென்ற வாதம் எத்துணை உறுதியான அடித்தளத்தில் நிற்கின்றது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

திருமணத்துள் அரசு புகுந்தமை

ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் திருமணம் திருச்சபையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1563இல் திரெந்துச் சங்கம் குருவானவர் ஒருவரும் சாட்சிகளும் இன்றி நிகழும் திருமணம் செல்லாது என விதித்தது. புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தவாதிகளோ திருமணம் ஓர் அருட்சாதனம் அன்று, அஃது உலகியல் சார்ந்தது என்றனர். இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டின் ஹாட்விக் பிரபுவின் சட்டம் திருமணத்தின் செல்லுபடியைப் பாராளுமன்றத்தின் விதிகளுக்கு உட்படுத்தியது. பிரான்சியப் புரட்சி 1792இல் திருமணத்தைத் திருச்சபையிடமிருந்து முற்றாகப் பிரித்துக் குடியியல் அலுவலரின் கையில் ஒப்படைத்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களின் நிலை சுவையானது. சமயப் பற்று மிக்கவர் எனப் பெயர்பெற்ற பிளிமத் குடியேறிகள் 1621இல் தம் முதலாவது திருமணத்தைக் குருவானவர் முன்னிலையில் நடத்தினாரல்லர். நீதவான் முன்னிலையிலேயே நடத்தினர். ஒல்லாந்தில் தாம் கண்ட வழக்கத்தை அவர்கள் தம்முடன் கொண்டுவந்திருந்தனர். தென்பகுதியில் வேர்ஜீனியா போன்ற குடியேற்றங்களில் அங்கிலிக்கன் திருச்சபையின் வழக்கமே நிலவியது. திருமணத்தை அரசுடன் பிணைத்தவர்கள் சமயப்பற்றற்றவர்கள் என்னும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

சுதந்திரத்தின் பின்னர் திருமணச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்குரியதாயிற்று. அரசின் அங்கீகாரம் எத்துணை வலிமை உடையது என்பதை அடிமைகளின் நிலையினின்றும் உணரலாம். அடிமைகள் தம்முள் மணந்து வாழ்ந்தனர். ஆயினும் சட்டம் அவர்களது மணத்தை அறியாது. கணவன் ஒரு திசையிலும் மனைவி ஒரு திசையிலும் விற்கப்பட்டபோது எந்த நீதிமன்றமும் அதனைத் தடுக்கவில்லை. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல் அமைக்கப்பட்ட விடுதலையாளர் பணியகத்திடம் ஆயிரக்கணக்கானோர் திரண்டுசென்று தம் பழைய மணங்களைப் பதிவு செய்துகொண்டனர். சட்டத்தின் ஏட்டில் தம் மணம் இடம்பெறுவதைச் சுதந்திரத்தின் ஓர் அடையாளமாக அவர்கள் கருதினர்.

1888இல் மேனாட் எதிர் ஹில் என்னும் வழக்கில் சமஷ்டி உயர் நீதிமன்றம் திருமணத்தின் சட்டத்தன்மையை விளக்கியது. திருமணம் உடன்படிக்கையாகத் தொடங்கினும் வெறும் உடன்படிக்கை அன்று. சாதாரண உடன்படிக்கையை இரு பகுதியாரும் தாம் விரும்பியவாறு மாற்றலாம். திருமணத்தால் ஏற்படும் உறவின் உரிமைகளையும் கடமைகளையும் சட்டமே வகுக்கின்றது என்பது அதன் சாரம். இத்தீர்ப்பு சட்டமன்றத்துக்குப் பரந்த அதிகாரத்தை அளித்தது. அவ்வதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதே அடுத்த நூற்றாண்டின் வினாவாயிற்று.

தடையும் உரிமையும்

அவ்வெல்லை முதலிற் சோதிக்கப்பட்டது யூற்றா ஆள்புலத்திலாகும். அங்கு வாழ்ந்த மோர்மன் சமயத்தார் பலதார மணத்தைத் தம் சமயக் கடமையாகக் கொண்டிருந்தனர். காங்கிரஸ் 1862இல் அதனைக் குற்றமாக்கியது. சமயச் சுதந்திரத்தை முன்வைத்து வாதிட்ட ஜோர்ஜ் றெனோல்ட்ஸ் என்பவரின் வாதத்தை உயர் நீதிமன்றம் 1879இல் நிராகரித்தது. சமய நம்பிக்கையில் அரசு தலையிடாது, செயலில் தலையிடலாம் என்பது தீர்ப்பு. 1890இல் மோர்மன் திருச்சபையின் தலைமை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இலேயே யூற்றா மாநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு மக்கட்கூட்டத்தின் மணமுறையே அதன் அரசியல் உரிமைக்குத் தடையாக நின்றமை இங்கு நோக்கத்தக்கது.

இரண்டாவது சோதனை இனக்கலப்பு மணத்தடையாகும். வேர்ஜீனியா 1924இல் இயற்றிய இனத்தூய்மைச் சட்டத்தின்கீழ் வெள்ளையர் ஏனைய இனத்தவரை மணத்தல் குற்றம். 1958 யூனில் றிச்சாட் லவிங் என்னும் வெள்ளையரும், கறுப்பினமும் அமெரிக்கப் பழங்குடியும் கலந்த வழிவந்த மில்ட்றெட் என்பவரும் வாஷிங்ரன் நகரில் மணந்துகொண்டு வேர்ஜீனியாவுக்குத் திரும்பினர். அடுத்த மாதம் நள்ளிரவில் அவர்கள் கைது செய்யப்பட்டனர். ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதி, இருபத்தைந்து ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துள் வராதிருப்பின் அத்தண்டனையை ஒத்திவைப்பதாகக் கூறினார். இறைவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தமை அவை கலக்கலாகாது என்பதற்காகவே என்பது அவர் காட்டிய நியாயம்.

கலிபோர்ணியாவின் உயர் நீதிமன்றம் இத்தகைய சட்டமொன்றை 1948இலேயே நீக்கியிருந்தது. எனினும் 1967இலும் பதினாறு மாநிலங்களில் அத்தடை நிலவியது. அவ்வாண்டு யூன் 12ஆந் திகதி பிரதம நீதியரசர் ஏள் வாறன் வழங்கிய ஏகமனதான தீர்ப்பு அவை அனைத்தையும் செல்லாதனவாக்கியது. 1868இல் நிறைவேறிய பதினான்காந் திருத்தத்தின் இரு வாசகங்களை அத்தீர்ப்பு ஆதாரமாகக் கொண்டது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கலாகாது என்பது ஒன்று. உரிய சட்ட நடைமுறையின்றி எவரது சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது மற்றையது. இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுதல் அவசியம். ஏனெனில் பின்னெழுந்த விவாதம் முழுவதும் இவ்விரு தூண்களில் எதன்மீது நிற்பது என்பது பற்றியதேயாகும்.

மினெசோற்றா முதல் ஹவாய் வரை

லவிங் தீர்ப்பு வெளியாகி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1970 மே மாதத்தில், மினெசோற்றா மாநிலத்தில் றிச்சாட் பேக்கர், மைக்கல் மக்கொனல் என்னும் இரு ஆடவர் திருமண அனுமதிப்பத்திரம் கோரி விண்ணப்பித்தனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மாநில உயர் நீதிமன்றம் 1971இல், ஆணும் பெண்ணும் இணைந்து மக்களைப் பெற்று வளர்ப்பதே திருமணத்தின் தொன்மையான பொருள் எனக் கூறி, இனத்தை அடிப்படையாகக் கொண்ட தடையும் பாலை அடிப்படையாகக் கொண்ட தடையும் ஒன்றல்ல எனத் தீர்த்தது. மேன்முறையீட்டை 1972இல் சமஷ்டி உயர் நீதிமன்றம் ஒரே வாக்கியத்தில் தள்ளியது: கருதத்தக்க சமஷ்டி வினா எதுவும் இதில் இல்லை. அவ்வொரு வாக்கியம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கீழ் நீதிமன்றங்களின் முன் நின்றது.

அக்காலத்தில் ஒருபால் உறவே பல மாநிலங்களிற் குற்றமாக இருந்தது. அதனைக் குற்றமாக்கும் சட்டம் செல்லுமென உயர் நீதிமன்றம் 1986இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. சிறைக்கு அஞ்ச வேண்டிய ஒருவர் திருமண மண்டபத்தைப் பற்றி எண்ணுதல் அரிது. மேலும், உரிமைப் போராட்டத்தினுள்ளேயே இது குறித்துக் கருத்து வேற்றுமை இருந்தது. 1989இல் தோமஸ் ஸ்ரொடார்ட், போலா எற்றெல்பிரிக் என்னும் இரு சட்டத்தரணிகள் எழுத்தில் விவாதித்தனர். மண உரிமை கிடைத்தாலன்றிச் சமத்துவம் நிறைவெய்தாது என்றார் முன்னவர். திருமணம் ஆண் மேலாதிக்கத்தின் பழங்கட்டமைப்பு. அதனுட் புகக் கோருதல் மணமாகாதோரை மேலும் ஒதுக்குவதாகும் என்றார் பின்னவர். திருமணத்தை விரும்பாதோர் இரு அணிகளிலும் இருந்தனர் என்பது மறக்கப்படலாகாது.

1993இல் ஹவாய் மாநில உயர் நீதிமன்றம் எதிர்பாராத வழியொன்றைத் திறந்தது. ஓர் ஆண் ஒரு பெண்ணை மணக்கலாம். அதே பெண்ணை மற்றொரு பெண் மணக்கலாகாது எனின், இங்கு மறுப்புக்குக் காரணம் மனுதாரரின் பாலே. ஆகவே இது பால் வேறுபாடு. மாநிலம் இதற்கு வலிதான காரணம் காட்டுதல் வேண்டும் என்றது நீதிமன்றம். 1996இல் விசாரணை நீதிபதி, குழந்தைகளின் நலன் பற்றி மாநிலம் முன்வைத்த காரணம் நிறுவப்படவில்லை எனத் தீர்த்தார். ஆனால் 1998இல் ஹவாய் மக்கள் தம் அரசியலமைப்பைத் திருத்தி, திருமணத்தை ஆண் பெண் இணைக்கு மட்டும் உரியதாக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கு அளித்தனர்.

ஹவாயின் அலை வாஷிங்ரனை விரைவில் எட்டியது. ஒரு மாநிலத்தில் நிகழ்ந்த மணத்தை ஏனைய மாநிலங்கள் ஏற்க நேருமோ என்னும் அச்சத்தில், 1996இல் காங்கிரஸ் திருமணப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் 342க்கு 67, செனற் சபையில் 85க்கு 14 என்னும் வாக்குகளால் நிறைவேறிய அச்சட்டத்திற் சனாதிபதி கிளின்ரன் கையொப்பமிட்டார். பிற மாநிலத்தின் ஒருபாலார் மணத்தை எந்த மாநிலமும் ஏற்கவேண்டியதில்லை என அதன் இரண்டாம் பிரிவு கூறியது. சமஷ்டிச் சட்டங்களில் திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவதையே குறிக்குமென மூன்றாம் பிரிவு கூறியது. இருநூறு ஆண்டுகளாக மாநிலங்களிடம் இருந்த வரைவிலக்கணத்தை மத்திய அரசு இவ்வாறு தானும் எடுத்துக்கொண்டது. மணநிலை பொருட்படுத்தப்படும் சமஷ்டிச் சட்டங்கள் 1,049 எனக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 1997இற் கணித்தது. மணம் என்னும் ஒரு சொல்லில் எத்தனை உரிமைகள் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை இவ்வெண்ணிக்கை புலப்படுத்தும்.

நீதிமன்றமும் வாக்குப்பெட்டியும்

1999 திசெம்பரில் வேர்மொன்ற் மாநில உயர் நீதிமன்றம், திருமணத்தின் பயன்கள் அனைத்தையும் ஒருபால் இணையர்க்கும் அளித்தல் வேண்டும். அதனை எப்பெயரால் அளிப்பது என்பதைச் சட்டமன்றம் தீர்மானிக்கலாம் எனத் தீர்த்தது. 'குடியியல் ஒன்றியம்' என்னும் புதிய சட்ட அமைப்பு 2000ஆம் ஆண்டில் இவ்வாறு தோன்றியது. 2003 நவம்பரில் மசாசூசெற்ஸ் மாநில உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் மார்கிறெற் மார்ஷலின் தீர்ப்பில், நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் திருமண உரிமையையே வழங்கிற்று. குடியியல் ஒன்றியம் போதுமா எனச் சட்டமன்றம் வினவியபோது, பிரித்துவைத்து அளிப்பது சமமாக அளிப்பதாகாது என மறுமொழி கிடைத்தது. 2004 மே 17ஆந் திகதி முதல் திருமணங்கள் நடைபெற்றன.

எதிர்வினை உடனே எழுந்தது. 2004 நவம்பர்த் தேர்தல் நாளில் மட்டும் பதினொரு மாநிலங்களின் மக்கள் தம் அரசியலமைப்புகளில் ஒருபாலார் மணத்தடையைச் சேர்த்தனர். கலிபோர்ணியாவின் உயர் நீதிமன்றம் 2008 மேயில் அளித்த உரிமையை அவ்வாண்டு நவம்பரில் மக்கள் எட்டாம் பிரேரணையால், ஏறத்தாழ 52 வீத வாக்குகளால் நீக்கினர். அயோவாவின் உயர் நீதிமன்றம் 2009இல் ஏகமனதாக மண உரிமையை ஏற்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்நீதியரசர்களுள் மூவரை மக்கள் பதவியினின்றும் அகற்றினர்.

இங்கு எழும் வினா சனநாயகத்தின் அடிப்படையைத் தொடுவது. பெரும்பான்மையோர் ஒரு சிறு தொகையினரின் உரிமையை வாக்கெடுப்பால் நீக்கலாமா என ஒரு சாரார் வினவினர். திருமணம் போன்ற சமூக நிறுவனமொன்றை மக்களால் தெரிவுசெய்யப்படாத நீதிபதிகள் மாற்றலாமா என மறுசாரார் வினவினர். இரு வினாக்களும் நேர்மையானவை. மக்களின் கருத்தும் நிலையாக நிற்கவில்லை. கலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1996இல் 27 வீதத்தினரே ஒருபாலார் மணத்தை ஆதரித்தனர். 2015இல் அத்தொகை 60 வீதமாயிற்று. 2012 நவம்பரில் மேயின், மேரிலாந்து, வாஷிங்ரன் ஆகிய மூன்று மாநிலங்களின் மக்கள் வாக்கெடுப்பின் மூலமே அதனை ஏற்றனர். நீதிமன்றம் முந்தியதா, மக்கள் முந்தினரா என ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. வழக்குகள் விவாதத்தைக் கிளப்பின. விவாதம் மனங்களை மாற்றிற்று. மாறிய மனங்கள் பின்வந்த வழக்குகளுக்குத் துணைநின்றன எனலாம்.

வின்சர், ஒபகவெல் வழக்குகள்

யூன் 26 இவ்வரலாற்றில் மும்முறை இடம்பெறும் திகதியாகும். 2003இல் அந்நாளில் லோறன்ஸ் எதிர் ரெக்சாஸ் வழக்கில், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் சட்டங்கள் செல்லாவென உயர் நீதிமன்றம் தீர்த்து, 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டது. இத்தருக்கம் திருமணத்திற் சென்று முடியும் என நீதியரசர் ஸ்கலியா தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அவரது எச்சரிக்கை பின்னர் எதிரணியின் சட்டத்தரணிகளுக்கே மேற்கோளாயிற்று.

பத்தாண்டுகளின் பின், 2013 யூன் 26இல், வின்சர் வழக்கின் தீர்ப்பு வெளிவந்தது. எடித் வின்சர், தியா ஸ்பையர் என்னும் இரு பெண்கள் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து 2007இல் ரொறன்ரோவில் மணந்தவர்கள். 2009இல் ஸ்பையர் இறந்தார். நியூயோக் மாநிலம் மணத்தை ஏற்றும், சமஷ்டிச் சட்டம் ஏற்காமையால், முதுசத்தின்மீது வின்சர் 363,053 டொலர் வரி செலுத்த நேர்ந்தது. இறந்தவர் கணவராக இருந்திருப்பின் ஒரு சதமும் செலுத்த வேண்டியிராது. நீதியரசர் கெனடி எழுதிய ஐவர் தீர்ப்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை நீக்கியது. மாநிலம் அளித்த மதிப்பைச் சமஷ்டி அரசு சிறுமைப்படுத்துகின்றது என்பது அதன் மையக் கருத்து.

ஒபகவெல் வழக்கின் தொடக்கம் மரணப் படுக்கையிலாகும். ஒகையோவைச் சேர்ந்த ஜோன் ஆதர் தசைகளை ஒடுக்கும் தீரா நோயால் எழமுடியாத நிலையில் இருந்தார். 2013 யூலையில் அவரும் ஜேம்ஸ் ஒபகவெல்லும் மருத்துவ விமானமொன்றில் மேரிலாந்துக்குச் சென்று, விமான நிலையத்தில், விமானத்தின் உள்ளேயே மணந்துகொண்டு திரும்பினர். மூன்று மாதங்களில் ஆதர் இறந்தார். அவரது மரண அத்தாட்சிப் பத்திரத்தில் வாழ்க்கைத்துணை என ஒபகவெல்லின் பெயரைப் பதிய ஒகையோ மறுத்தமையே வழக்கு. மிச்சிகன், கென்ரக்கி, ரெனசி மாநிலங்களின் வழக்குகளும் இதனுடன் இணைக்கப்பட்டன.

2015 யூன் 26இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பு வழங்கப்பட்டது. நீதியரசர் கெனடி நான்கு காரணங்களைக் காட்டினார். மணத்துணையைத் தெரிதல் தனிமனித சுயாதீனத்தின் பாற்பட்டது; இருவர் இணையும் அவ்வுறவுக்கு நிகரான பிறிதோர் உறவில்லை; அது குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் காப்பாகின்றது; சமூக ஒழுங்கின் அடித்தளமாக நாடு அதனைக் கருதுகின்றது. திருமணத்தின் பொருள் என்றும் மாறாதது என்னும் வாதத்துக்கும் அவர் வரலாற்றின் துணைகொண்டு விடையளித்தார். மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுள் அடங்கும் என்னும் பழைய கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து படிப்படியாகச் சரிந்தது. அதனால் திருமணம் அழியவில்லை, வலுப்பெற்றது என்றார்.

மாறுபட்ட நால்வரும் தனித்தனியே எழுதினர். பிரதம நீதியரசர் றொபேட்ஸ், கலகாரிப் பாலைவன மக்கள் முதல் ஹான் சீனர் வரை பல சமூகங்களைச் சுட்டி, மானிட இனம் முழுவதும் கொண்டிருந்த பொருளை மாற்ற ஐந்து சட்டவறிஞர்க்கு என்ன அதிகாரம் என வினவினார். சுயாதீனமே அடிப்படையெனின் இருவர் என்னும் எண்ணிக்கைக்கும் காரணம் இல்லையே என்றார். ஸ்கலியா இதனைச் சனநாயகத்துக்கு நேர்ந்த இடராகக் கண்டார். அலிற்றோ, பழைய நம்பிக்கையைக் கொண்டோர் இனிமேற் பழிக்கப்படுவர் என அஞ்சினார். இக்கட்டுரையின் பொருளுக்கு மிக அண்மையது தோமஸின் வாதம்: சுதந்திரம் என்பது அரசின் தலையீடு இன்மை, அரசிடம் ஒரு சான்றிதழையும் சலுகையையும் பெறுதல் சுதந்திரம் ஆகாது, மனுதாரர் சேர்ந்து வாழ்வதை எவரும் தடுக்கவில்லை என்றார்.

அரசு விலகிநிற்கலாகாதா?

தோமஸின் வாதத்தை மேலும் ஓரடி கொண்டுசெல்வோர் உளர். அரசு திருமணத்தினின்றும் விலகிவிடட்டும். திருமணம் என்னும் சொல்லைச் சமய நிறுவனங்களிடமும் சமூகத்திடமும் விட்டு, அரசு குடியியல் உடன்படிக்கைகளை மட்டும் பதியட்டும் என்பது அவர்தம் கருத்து. சிக்காக்கோவின் பொருளியலாளர் றிச்சாட் தேலரும் சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்ரைனும் 2008இல் வெளியிட்ட நூலில் இத்தகைய யோசனையை முன்வைத்தனர். பெண்ணியச் சட்டவறிஞர் மார்தா பைன்மன் வேறொரு நோக்கிலிருந்து, சட்டம் காக்கவேண்டியது கணவன் மனைவி உறவை அன்று, பராமரிப்பவர்க்கும் பராமரிக்கப்படுபவர்க்கும் உள்ள உறவையே என வாதிட்டார்.

இவ்யோசனையின் கவர்ச்சி வெளிப்படை. ஆயினும் மேலே கண்ட வழக்குகளின் நிகழ்வுகளை மீள நோக்குக. வின்சரின் பிணக்கு முதுசத்தின் மீதான வரி பற்றியது. ஒபகவெல்லின் பிணக்கு மரணப் பதிவு பற்றியது. ஏனைய வழக்குகளிற் குழந்தையின் பெற்றோர் யார் என்பதும், மருத்துவமனையில் முடிவெடுப்பவர் யார் என்பதும் எழுந்தன. இறப்பும் பிறப்பும் நோயும் பிரிவும் நேரும்போது அரசு எவரையேனும் உரியவராக ஏற்றே தீரவேண்டும். பெயரை நீக்கினும் இத்தேவை நீங்காது. அலபாமா மாநிலம் 2019இல் திருமண அனுமதிப்பத்திர முறையையே ஒழித்தது. ஒபகவெல் தீர்ப்பின் பின் அங்கு சில நீதிபதிகள் எவருக்குமே அனுமதிப்பத்திரம் வழங்க மறுத்திருந்தனர். இப்போது மணமக்கள் சத்தியக் கடதாசியை நிரப்பிக் கொடுக்க, நீதிபதி அதனைப் பதிவார். சடங்கும் அனுமதியும் போயின; ஆனால் பதிவும் அதன் பயன்களும் நிலைத்தன. அரசு வாயிலைக் கடந்து வெளியே சென்றதாகத் தோன்றினும் ஏடு அதன் கையிலேயே உள்ளது.

அடித்தளத்தின் உறுதி

2022 யூன் 24இல் உயர் நீதிமன்றம், கருக்கலைப்பு உரிமையை 1973இல் ஏற்ற தீர்ப்பை டொப்ஸ் வழக்கில் நீக்கியது. சுதந்திரம் என்னும் வாசகத்திலிருந்து பெறப்படும் எழுதப்படாத உரிமைகள் நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றியனவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் தருக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பு இது ஏனைய உரிமைகளைத் தொடாது என்றது. ஆனால் நீதியரசர் தோமஸ் தனியே எழுதிய உடன்பாட்டுத் தீர்ப்பில் ஒபகவெல்லையும் மீள ஆராய்தல் வேண்டும் என்றார். அச்சமுற்ற காங்கிரஸ் அவ்வாண்டின் இறுதியில், செனற் சபையில் 61க்கு 36, பிரதிநிதிகள் சபையில் 258க்கு 169 என்னும் வாக்குகளால் திருமண மதிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் மணத்தை ஏனைய மாநிலங்களும் சமஷ்டி அரசும் ஏற்றல் வேண்டும். எனினும் எந்த மாநிலமும் அனுமதிப்பத்திரம் வழங்கியே தீரவேண்டும் என அச்சட்டம் கூறவில்லை. அக்கட்டாயம் ஒபகவெல் தீர்ப்பில் மட்டுமே தங்கியுள்ளது. 2015இல் அனுமதிப்பத்திரம் வழங்க மறுத்துச் சிறைசென்ற கென்ரக்கிப் பதிவதிகாரி கிம் டேவிஸ் அத்தீர்ப்பை நீக்குமாறு கோரிய மனுவை உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

இங்கேதான் லவிங் தீர்ப்பின் இரு தூண்களும் மீண்டும் நினைவுக்கு வருகின்றன. கெனடி சமத்துவத்தைக் குறிப்பிட்டாராயினும் தம் தீர்ப்பின் பாரத்தைச் சுதந்திரம், மாண்பு என்னும் தூணிலேயே பெரிதும் ஏற்றினார். மரபில் வேரூன்றியதா என்னும் அளவுகோலை எடுப்போர்க்கு அத்தூண் எளிதில் அசைக்கத்தக்கது. ஏனெனில் மரபு அவர் பக்கமே நிற்கும். சமத்துவத் தூணோ வேறு தன்மையது. அது மரபை வினவுவதில்லை. குடியொருவர்க்கு அளித்ததை மற்றவர்க்கு மறுக்க அரசிடம் உள்ள காரணம் யாது என்று மட்டுமே வினவும். தோமஸின் வாதத்துக்கும் அதுவே விடை: சான்றிதழ் பெறுதல் சுதந்திரம் அன்று என ஒப்புக்கொண்டாலும், அச்சான்றிதழை ஒருவர்க்கு வழங்கி மற்றவர்க்கு மறுப்பது சமத்துவமன்று. ஹவாய் 1993இல் திறந்த வழி ஆரவாரமற்றது. ஆயினும் உறுதி மிக்கது என்பதே இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

பிற நாடுகளின் வரலாறும் ஒருவாறு இதற்குத் துணைநிற்கின்றது. தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இல் சமத்துவத்தையும் மாண்பையும் ஆதாரமாகக் கொண்டு தீர்ப்பளித்து, சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தது. 2006இற் சட்டம் நிறைவேறிற்று. மாறாக, 2023 ஒக்ரோபர் 17இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம், மணந்துகொள்ளும் அடிப்படை உரிமை என ஒன்று அரசியலமைப்பில் இல்லையென ஒருமித்துக் கூறி, விடயத்தைச் சட்டமன்றத்துக்கு விட்டது. திருமணம் அரசின் சட்டத்தால் ஆக்கப்படுவது. ஆகவே அதனைச் சுதந்திரத்தின் பெயராற் கேட்க முடியாது என்னும் கருத்து அங்கு மேலோங்கியது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவே அங்கும் வழக்கின் முடிவைத் தீர்மானித்தது.

முடிவுரை

திருமணம் அரசுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. அடிமைகள் சட்டமின்றியும் மணந்தனர். பேக்கரும் மக்கொனலும், வின்சரும் ஸ்பையரும் சட்டம் அறியாத காலத்தும் ஒருவர்க்கொருவர் துணையாக வாழ்ந்தனர். ஆனால் அந்த வாழ்வுக்கு முதுசம், பிள்ளை, மரணம் என்பவற்றிற் சட்டப் பயன் அளிப்பது அரசே. வாழ்வை ஆக்குவது மக்கள்; ஏட்டை வைத்திருப்பது அரசு. ஏடு எல்லார்க்கும் பொதுவானதாயின், அதில் எவரது பெயரை எழுத மறுத்தாலும் அதற்குரிய காரணத்தைக் கூறும் கடமை அரசையே சாரும். பிளிமத்தின் நீதவான் முதல் ஒகையோவின் மரணப் பதிவாளர் வரை நீளும் இவ்வரலாறு இதனையே உணர்த்துகின்றது. நீதியரசர்கள் மாறலாம், பெரும்பான்மைகள் மாறலாம். காரணம் கூறுக என்னும் அக்கேள்வி மாறாது நிற்கும்வரை சமத்துவம் என்னும் வாசகம் உயிருடன் இருக்கும்.